பனிக்கட்டியிலிருந்து என்சைம் படலம்

எலக்ட்ரோடில் என்சைம் படலம் படியவைக்க வேண்டுமா? குளுக்கோஸ் ஆக்சிடேஸ் (குளுக்கோஸை ஆக்சிஜனேற்றி ஹைட்ரஜன் பெராக்சைடு தரும் என்சைம்) பொடியை வில்லையாக அழுத்தி நேரே லேசரால் சுடாதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். மிஞ்சியது பழுப்புக் கறை.

என்சைமை 1 சதவீத அளவில் நீர்த்த பஃபரில் (அமில-கார அளவை மாறாமல் வைக்கும் உப்புக் கரைசலில்) கரையுங்கள். பஃபர் கெட்டியாக இருந்தால் உப்பும் கூடவே படியும். கரைசலைச் செம்புக் கிண்ணத்தில் ஊற்றி, திரவ நைட்ரஜனில் உறைய வையுங்கள். அதற்கு முன் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுவதுதான் பாதி வேலை. குமிழ் இருந்தால் பனிக்கட்டி சில்லுசில்லாகத் தெறித்து, படலம் அம்மைத் தழும்பு முகமாகிவிடும்.

வெற்றிடக் கலத்திலும் கிண்ணம் குளிர்ந்தே இருக்கட்டும், சுழன்றுகொண்டும் இருக்கட்டும். பனிக்கட்டியை 248 நானோமீட்டர் எக்சைமர் (புற ஊதா) லேசரால் சுடுங்கள்; சதுர சென்டிமீட்டருக்கு 0.2 ஜூல் போலக் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். ஆவியாகும் நீரை பம்ப் இழுத்துக்கொள்ளும். என்சைம் அறை வெப்பநிலையில் உள்ள பிளாட்டினம் எலக்ட்ரோடில் படியும். நீரில் கரைந்து போகாமலிருக்கக் புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் குளுட்டரால்டிஹைடு ஆவி காட்டுங்கள். அளவோடு, அதிகமானால் செயல்திறன் போய்விடும்.

அகச்சிவப்பு நிறமாலையில் 1650 செ.மீ⁻¹ அருகே புரதத்தின் அடையாளமான அமைடு பட்டை தெரிந்ததும் துள்ளாதீர்கள். செத்த புரதமும் அதைக் காட்டும். சில்வர்/சில்வர் குளோரைடு எலக்ட்ரோடோடு ஒப்பிட்டு, பிளாட்டினத்துக்கு 0.7 வோல்ட் வைத்து, குளுக்கோஸ் விடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடால் மின்னோட்டம் ஏறினால் என்சைம் உயிரோடு இருக்கிறது.