இங்கிலாந்து முடியாட்சியில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்ட வரலாற்றைப் படிக்கும் முறை

இந்த வரலாற்றுக்குள் நுழைவோர் பெரும்பாலும் மறைசாட்சிகளின், அதாவது தம் மதத்துக்காக உயிர்விட்டவர்களின், வாழ்க்கைக் கதைகளிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் சட்டங்களைப் படித்துவிடுங்கள். ஒருவர் எந்தச் சட்டத்தின்படி, என்ன குற்றம் சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டார் என்பது தெரியாதவரை, அவருடைய சாவின் முழுப்பொருள் நமக்குப் பிடிபடாது.

திருத்தந்தைக்கு (போப்புக்கு) மாற்றாக மன்னர் எட்டாம் ஹென்றியை இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக்கிய 1534-ஆம் ஆண்டுச் சட்டத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைமையை ஏற்காத ஆயர் ஜான் ஃபிஷரும் தாமஸ் மோரும் அடுத்த ஆண்டே தலை வெட்டப்பட்டனர். பிறகு முதலாம் எலிசபெத்தின் சட்டங்களை வரிசையாகப் படியுங்கள். 1559-இல், ஞாயிறன்று அரசுத் திருச்சபையின் ஆலயத்துக்கு வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம். 1581-இல் அதுவே மாதத்துக்கு 20 பவுண்டாகிறது, ஒரு கூலித் தொழிலாளி ஓராண்டு முழுவதும் உழைத்தாலும் காணமுடியாத தொகை. 1585-இல், வெளிநாட்டில் கத்தோலிக்கக் குருப்பட்டம் பெற்று நாட்டுக்குள் வருவதே தேசத்துரோகமாகவும், அவருக்கு அடைக்கலம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆக்கப்படுகின்றன. இடையில் 1570-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட ஆணையைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். அரசியைத் திருச்சபையிலிருந்து விலக்கி, அவருக்குக் கீழ்ப்படியும் கடமையிலிருந்து குடிமக்களை விடுவித்த அந்த ஆணைக்குப் பின், கத்தோலிக்கர் ஒவ்வொருவரையும் துரோகியாகச் சந்தேகிக்க அரசுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

குற்றத்தின் பெயரையும் கவனியுங்கள். கத்தோலிக்க அரசியான முதலாம் மேரியின் ஆட்சியில் ஏறத்தாழ 280 புராட்டஸ்டண்டுகள் மதத்திரிபுக் குற்றத்துக்காக, அதாவது தவறான கொள்கையை நம்பியதாக, எரிக்கப்பட்டனர். எலிசபெத்தின் ஆட்சியிலோ எட்மண்ட் கேம்பியன் போன்ற குருக்கள் துரோகிகளாகத் தூக்கிலிடப்பட்டனர். தம் தரப்பின் சாவுகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தென்படுவதே இல்லை.

சட்டம் தெளிவானபின் ஒரே ஒருவரை அருகில் சென்று பாருங்கள். மார்கரெட் கிளித்தரோவையே நான் பரிந்துரைப்பேன். யார்க் நகர இறைச்சி வணிகர் ஒருவரின் மனைவியான அவர் குருக்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தார். வழக்கு நடந்தால் தம் பிள்ளைகளே சாட்சி சொல்ல நேரும் என்பதால், குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் அவர் இணங்கவில்லை. 1586 மார்ச் 25 அன்று, முதுகுக்கடியில் ஒரு கல்லை வைத்து, மேலே ஒரு கதவைக் கிடத்தி, அதன்மேல் பாரம் ஏற்றி அவரை நசுக்கிக் கொன்றார்கள். 1585-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்கள் ஒரு வீட்டுக்குள் புகுந்து என்ன செய்தன என்பது அப்போது விளங்கும்.

அடுத்துச் செல்லவேண்டியது அபராதப் பதிவுச் சுருள்களிடம். 1592 முதல் தனியாக எழுதப்பட்ட இவை இன்று இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. யார், எந்த ஊர், எவ்வளவு கட்டவேண்டும், எந்த நிலம் பறிமுதலானது என்பவை அவற்றில் கிடைக்கும். தூக்குமேடை ஏறியவர்கள் சில நூறு பேர்தான். ஆண்டுக்கணக்கில் அபராதத்தால் தேய்ந்துபோன குடும்பங்களை இங்கேதான் காணமுடியும்.

வாய்ப்புள்ளவர்கள் வூஸ்டர்ஷையரில் உள்ள ஹார்விங்டன் மாளிகையையும் பாருங்கள். சுவரோடு சுவராகத் தெரியும் ஒரு மர உத்தரம் திரும்பி வழிவிட, அதற்குப் பின்னே குரு ஒளிந்திருக்கும் அறை இருக்கிறது.

கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர வழிசெய்த 1829-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வாசிப்பை நிறுத்திவிடவேண்டாம். கத்தோலிக்கரை மணந்தவரும் அரியணை ஏறலாம் என்று 2013-இல் இயற்றப்பட்ட சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் கத்தோலிக்கர் ஒருவர் அரியணை ஏறுவதற்கான தடை இன்றும் நீங்கவில்லை.