ரோமாபுரி போறீங்களா? பாலு, நெய், முட்டை தொடாம வயிறு நெறைய சாப்பிட வழி இருக்கு

வடக்கன்குளம், வள்ளியூர், திசையன்விளை, பாளையங்கோட்டைன்னு நம்ம பக்கத்துல ரோமாபுரி போறதுன்னா அது பெரிய விஷயம்லா. 1745-ல வடக்கன்குளத்துல வச்சு ஞானஸ்நானம் வாங்குன தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15-ல ரோம்ல புனிதர் பட்டம் கொடுத்தாங்க, அதுக்குப் பொறவு அந்த ஊரு பேரு நம்ம வீடுகள்ல இன்னும் நெருக்கமா ஆயிட்டு. கோயில் டூரா போறவங்களும் உண்டு, கொலோசியம் பாக்கணும்னு போற காலேஜ் பிள்ளைங்களும் உண்டு. இதுல வீகனா, அதாவது கறி, மீன், முட்டை, பாலு, நெய், தேன் எதும் தொடாம இருக்கவங்களுக்குத்தான் ஆளாளுக்கு பயம் காட்டுதாங்க, அங்க எல்லாத்துலயும் சீஸ்தான், நீ பிரெட்டும் வாழப்பழமும் தின்னுக்கிட்டு திரியணும்னு. அது சரி கெடையாது. ரோம்ல ஏழைபாழைங்க காலங்காலமா சாப்பிட்டு வந்ததுல பாதி வெறும் ஆலிவ் எண்ணெயும் பூண்டும் கீரையும் கொண்டைக்கடலையும்தான். அதனால வீகன்னு போர்டு போட்ட கடையா தேடி டவுன் முழுக்க அலையாதீங்க, சாதாரண கடையில ஏற்கெனவே பாலும் கறியும் இல்லாம செய்யுதது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு பேரச் சொல்லிக் கேளுங்க. நான் சொல்ல வாரது முக்கியமா இதுதான்.

மொதல்ல பிளைட்டு. திருவனந்தபுரத்துல ஏறினாலும் சென்னையில ஏறினாலும் டிக்கெட் போடும்போதே சாப்பாட்டு கோடு கேப்பாங்க. ஏஜென்ட்டுகிட்ட சும்மா வெஜிடேரியன்னு சொன்னா அவரு ஏ.வி.எம்.எல் போட்டுருவாரு, அது இந்தியச் சைவம், பனீரும் தயிரும் வரும். நமக்கு வேண்டியது வி.ஜி.எம்.எல். ஹெச்.என்.எம்.எல்-ன்னு ஒண்ணு இருக்கு, இந்து மீல்னு பேரு, அதுல கறியும் மீனும் வரும், பேரப் பாத்து அத வாங்கிராதீங்க. கெளம்புததுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே இது பதிவாயிருக்கான்னு ஏர்லைன்ஸ் ஆப்ல ஒரு தடவ பாத்துக்கிடுங்க.

பெட்டியில என்ன வைக்கலாம்னா, இட்லிப்பொடி, அவல், உடன்குடி கருப்பட்டி, கோவில்பட்டி கடலைமிட்டாய், நல்லெண்ணெய்ல செஞ்ச புளிக்காய்ச்சல் (இது கைப்பையில வேண்டாம், லக்கேஜ்ல போடுங்க). கறியும் பால் சாமானும் இந்தியால இருந்து கொண்டுபோகக் கூடாதுங்கது ஐரோப்பிய யூனியன் சட்டம், கூட வார சொந்தக்காரங்க நெய் பாட்டில் வச்சிருந்தா இப்பவே எடுத்து வெளிய வைக்கச் சொல்லுங்க. பச்சைக் கறிவேப்பிலை, பச்சமிளகா, மாம்பழம் இதுக்கெல்லாம் செடி நோய் இல்லன்னு அரசாங்க சர்டிபிகேட் வேணும். வாழப்பழம், தேங்கா, அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன் இந்த அஞ்சுக்கு மட்டும் வேண்டாம். ஒரு சின்ன கெட்டில் கொண்டுபோனா நல்லது, அங்கயும் கரண்டு 230 வோல்ட்தான், ஆனா பிளக் பாயிண்ட் நம்மது மாதிரி இருக்காது, அடாப்டர் வேணும். காலையில அவல்ல வெந்நிய ஊத்தி மூடி வச்சு கருப்பட்டியத் தட்டிப் போட்டா டிபன் முடிஞ்சுது. இத நான் விடாம சொல்லுததுக்குக் காரணம் இருக்கு, ரோம்ல காலச்சாப்பாடுதான் வீகனுக்கு உள்ளதுல கஷ்டமானது, கடையில நின்னுக்கிட்டு ஒரு காபியும், கொர்னெத்தோன்னு பிறை மாதிரி ஒரு பன்னும் திங்குததுதான் அவங்க பழக்கம், அந்த கொர்னெத்தோல வெண்ணெய், முட்டை, பாலு எல்லாம் இருக்கும். சில கடையில வீகன் கொர்னெத்தோ வச்சிருக்காங்க, ஆனா மேல தேன் தடவியிருப்பாங்க, கேட்டு வாங்குங்க. காபி வேணும்னா பால் இல்லாம எஸ்ப்ரெஸோ, இல்ல சோயா பால் போட்டு கப்புச்சினோ, அது நெறைய இடத்துல கெடைக்கும்.

இப்போ மத்தியானமும் ராத்திரியும். மெனு கார்ட பின்னால இருந்து படிங்க. முன்னால கறி மீன் பாஸ்தான்னு கெடக்கும், கடைசிப் பக்கம் கொந்தோர்னின்னு ஒரு தலைப்பு வரும், அது நம்ம வெஞ்சனம். அங்கதான் நமக்கு வேண்டியது இருக்கு. சிக்கோரியா ரிபஸ்ஸாத்தான்னு ஒண்ணு, கசப்புக் கீரைய வேக வச்சுப் பிழிஞ்சு, பூண்டும் வத்தலும் போட்ட ஆலிவ் எண்ணெயில பொரட்டி எடுப்பாங்க, நல்ல பிரெட் ஒரு துண்டு இருந்தா போதும், எனக்கு ரோம்ல பிடிச்ச சாப்பாடே அதுதான். கார்ச்சோஃபி அல்லா ரொமானான்னா ஆர்டிச்சோக்க (முள்ளுச்செடி ஒண்ணோட பூமொட்டு அது) புதினா ஜாதி தழையும் பூண்டும் வச்சு எண்ணெயில மெதுவா வேக வைக்குதது, அதும் நமக்கு ஆகும். புந்தரெல்லேன்னு குளிர்காலத்துல ஒரு கீரைத்தண்டு சாலட் வரும், பாக்க பச்சப்பசேல்னு இருக்கும், ஆனா அதுல நெத்திலிய அரைச்சு ஊத்தியிருப்பாங்க, வேண்டாம். உருளைக்கிழங்கு ரோஸ்ட் கேட்டா, கறி வறுத்த தட்டுலயே போட்டு வறுத்ததான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

பாஸ்தால, காஞ்ச பாஸ்தா வெறும் கோதுமை ரவையும் தண்ணியும், முட்டை கெடையாது. ஃபெத்துச்சீனே, ராவியோலி மாதிரி பச்ச பாஸ்தால முட்டை உண்டு. ஸ்பகெட்டி ஆல்யோ ஒலியோ பெப்பரொன்சீனோ கேளுங்க, பூண்டு எண்ணெய் வத்தல், அவ்வளவுதான். பென்னே அல்லாராபியாத்தா கேளுங்க, தக்காளியும் வத்தலும், மேல சீஸ் தூவ வேண்டாம்னு மட்டும் சொல்லணும். அமாத்ரிச்சானா செவப்பா தக்காளி சாஸ்தான் தெரியும், உள்ள பன்னியோட கன்னக்கறி கெடக்கும். கார்பொனாரா, க்ரிச்சா இதுலயும் அதேதான். காச்சோ எ பெப்பே சைவம்னு டூர் கைடு சொல்லுவாரு, அது முழுக்க சீஸ். இன்னொண்ணு, கூட வார சைவக்காரங்களும் தெரிஞ்சுக்கிட வேண்டியது, ரோம்ல எல்லாத்து மேலயும் தூவுத பெக்கொரீனோ சீஸ ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குத ரென்னெட் போட்டுத்தான் உறைய வைக்குதாங்க, பார்மெசான்ல கன்னுக்குட்டியோடது. பாலு நெய் சாப்பிடுத சைவக்காரங்களுக்கே அது ஆகாதுலா.

பாஸ்தா எ ச்சேச்சின்னு கொண்டைக்கடலை சூப் இருக்கு, நல்லா கெட்டியா வயித்த நெரப்பும், சில கடையில நெத்திலி போடுவாங்க, சில கடையில பார்மெசான் தோல போட்டு கொதிக்க வைப்பாங்க, கேட்டுட்டு வாங்குங்க. பீன்ஸ் சூப்னா பன்னிக்கொழுப்பு இருக்கான்னு கேளுங்க.

கேக்கும்போது வீகன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுராதீங்க, ஆம்பளைன்னா ஸோனோ வெகானோ, பொம்பளைன்னா ஸோனோ வெகானா, சொல்லிட்டு ஒவ்வொரு சாமானா கேளுங்க. லத்தே பால், பூர்ரோ வெண்ணெய், ஃபொர்மாஜ்ஜோ சீஸ், உவோவா முட்டை, அலீச்சி நெத்திலி, ஸ்த்ரூத்தோ பன்னிக்கொழுப்பு, குவாஞ்சாலே கன்னக்கறி, மியேலே தேன். இதுக்கு முன்னாடி சென்ஸா சேத்தா அது இல்லாமன்னு ஆயிரும், சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ, சென்ஸா பூர்ரோ. போன்ல இத்தாலியன்ல அடிச்சு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டா இன்னும் நல்லது, சத்தமான கடையில நெட் இல்லன்னாலும் அதக் காட்டிரலாம்.

ஐரோப்பிய யூனியன் முழுக்க 14 அலர்ஜி சாமான்ல எது சாப்பாட்டுல இருக்குன்னு சொல்லியே ஆகணும்னு 2014 டிசம்பர்ல இருந்து சட்டம் இருக்கு, ஹோட்டலுக்கும் அது உண்டு. நெறைய மெனுவுல டிஷ் பக்கத்துல சின்னதா நம்பர் போட்டிருப்பாங்க, அந்த சட்டத்தோட வரிசப்படி 3 முட்டை, 4 மீன், 7 பால், 2-ம் 14-ம் எறா நண்டு சிப்பி வகையறா. கீழ இருக்க விளக்கத்தோட ஒத்துப் பாத்துக்கிடுங்க. சூப்பர்மார்க்கெட்ல பாக்கெட் வாங்கினாலும் இதே அலர்ஜி சாமான் தடிச்ச எழுத்துல தெரியும், ஒரே பார்வையில பாலும் முட்டையும் மாட்டிக்கிடும். ஆனா பன்னிக்கொழுப்பு, ஜெலட்டின், தேன் இதெல்லாம் அந்த 14-ல கெடையாது, தடிச்ச எழுத்துல வராது, முழுசா படிக்கணும். இ120-ன்னு போட்டிருந்தா அது பூச்சியில இருந்து எடுக்குத செவப்பு கலர். பேக்கட் அடியில பால் இருக்க வாய்ப்புண்டுங்க மாதிரி ஒரு வரி இருந்தா அது அலர்ஜி உள்ளவங்களுக்கான எச்சரிக்கை, அதே மிஷின்ல வேற ஐட்டம் ஓடுதுங்கதுதான் அர்த்தம், பால் சேத்ததா ஆகாது. மஞ்ச வட்டத்துல வி எழுத்துல எலை வச்ச மாதிரி வி-லேபிள் இருந்தா, கீழ வீகன்னு எழுதியிருக்கான்னு பாருங்க, வெஜிடேரியனுக்கும் அதே முத்திரைதான் போடுதாங்க.

ரோம்ல கட்டாயம் போக வேண்டிய எடம்னு நான் சொல்லுதது யூதர் தெரு, கெத்தோன்னு சொல்லுவாங்க, டைபர் ஆத்தங்கரையில இருக்கு. 1555-ல போப் நாலாம் பால் யூதர்கள அந்த ஒரு மூலையில அடைச்சு வச்சாரு, அந்த நெருக்கடியிலயும் கையில கெடைச்சத வச்சு அவங்க சமைச்ச சாப்பாடுதான் இன்னிக்கு ரோமோட பேரச் சொல்லுது. யூத சட்டப்படி கறியையும் பாலையும் ஒண்ணா சமைக்கக் கூடாது, அதனால அங்க கோஷர் (அந்த சட்டப்படி நடத்துத) கறி ஹோட்டல்னா அடுப்படியிலயே பால் வெண்ணெய் சீஸ் எதுவும் இருக்காது. நம்ம கறி திங்க மாட்டோம், ஆனா அந்தக் கடையில வெஞ்சனம் கேட்டா பால் கலந்திருமோங்க பயமே வேண்டாம், முட்டையும் மீனும் இருக்கான்னு கேட்டா போதும். கார்ச்சோஃபி அல்லா ஜூதியா கேளுங்க. முழு ஆர்டிச்சோக்கோட முரட்டு எலைகளச் சீவிட்டு, எண்ணெயில முக்கி ஒரு தடவ வேக வச்சு எடுப்பாங்க, பொறவு எதழ எல்லாம் கையால விரிச்சு விட்டு, நல்ல காஞ்ச எண்ணெயில தலகீழா ரெண்டாவது தடவ போடுவாங்க, எடுக்கும்போது விரிஞ்ச பூவா செம்பு நெறத்துல நிக்கும், ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, நடுத்தண்டு மெத்துமெத்துன்னு இருக்கும், உப்பு மட்டும்தான் மேல. மாசி, பங்குனி, சித்திரை வாக்குல போனா அதான் சீசன். கொஞ்சான்னு சுக்கினிய (வெள்ளரி மாதிரி பச்சையா இருக்க ஒரு காய்) பொரிச்சு வினிகர்ல ஊறப்போட்டதும் வாங்குங்க. கறி பொரிச்ச எண்ணெயா, தனி எண்ணெயான்னு உங்களுக்கு மனசு உறுத்துச்சுன்னா கேட்டுக்கிடுங்க. வெள்ளி சாயந்தரத்துல இருந்து சனி சாயந்தரம் வரைக்கும் கோஷர் கடை பூட்டியிருக்கும், அத வச்சு நாள போடுங்க.

நடந்துகிட்டே சாப்பிட ஃபோர்னோங்க ரொட்டிக்கடை. தட்டு நீளத்துக்குப் பரத்தி வச்சிருப்பாங்க, பீட்சா பியாங்கான்னா எண்ணெயும் உப்பும், பீட்சா ரோஸ்ஸான்னா தக்காளி மட்டும், ரெண்டுலயும் சீஸ் கெடையாது. பன்னிக்கொழுப்பு போட்டு பிசையுத கடையும் ஒண்ணு ரெண்டு உண்டு, ஸ்த்ரூத்தோ இருக்கான்னு ஒரு வார்த்தை. எவ்வளவு வேணும்னு கைய வச்சுக் காட்டினா போதும், அந்த எடத்துல வெட்டி எடை போட்டுத் தருவாங்க, ஒரு எத்தோன்னா 100 கிராம். ராத்திரி பீட்சா கடைக்குப் போனா மரினாரா, பேர்ல கடல் இருந்தாலும் மீன் கெடையாது, தக்காளி பூண்டு ஓரிகானோ எண்ணெய். சுப்ளின்னு சோத்த உருட்டிப் பொரிச்சு வைப்பாங்க, உள்ள சீஸும் பெரும்பாலும் கறிச்சாறும், தொடாதீங்க.

சோறு கொழம்பு ஞாபகம் வந்துட்டுன்னா தெர்மினி ஸ்டேஷன் பக்கத்துல எஸ்க்விலீனோ மார்க்கெட்டுக்குப் போங்க, வெண்டைக்கா, மல்லித்தழை, பருப்பு, மசாலா எல்லாம் கெடைக்கும், வங்காளத்து ஆளுங்க கடை போட்டிருப்பாங்க, சமையக்கட்டு உள்ள ரூம் எடுத்திருந்தா அங்க வாங்கி ஒரு பருப்புக் கொழம்பே வச்சுரலாம். இந்தியன் ரெஸ்டாரண்ட் அந்த ஏரியால நெறைய, ஆனா நெய்யும் கிரீமும் தாராளமா ஊத்துதாங்க, வீகனுக்கு இத்தாலிக் கடைய விட அதுதான் கஷ்டம்னு நான் சொல்லுவேன். அதுக்குப் பதிலா அதே தெர்மினி பக்கம் எத்தியோப்பியா, எரித்ரியா கடைங்க இருக்கு, அந்த ஊரு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க புதன், வெள்ளி, அப்புறம் தவக்காலம் முழுக்க கறி பால் முட்டை தொடாம ஒருசந்தி இருப்பாங்க, அதுக்குன்னே பெயாய்னெத்துன்னு ஒரு தட்டு. இஞ்செரான்னு புளிச்ச மாவுல சுட்ட தோசை மாதிரி ஒண்ண தட்டு முழுக்க விரிச்சு, மேல மைசூர்ப்பருப்பு, கடலைமாவு கொழம்பு, கீரை, முட்டைக்கோசுன்னு குவிச்சு விளம்புவாங்க, கையாலதான் பிச்சு தொட்டு சாப்பிடணும். நோன்பு தட்டா, எண்ணெயில செஞ்சதான்னு கேளுங்க, மத்த நாள்ல நெய் சேக்குத கடையும் உண்டு. நம்ம ஊரு நாக்குக்கு ரோம்ல இத விட ஒத்துவாரது எதும் இல்ல.

வத்திக்கான் போற அன்னிக்கு, மியூசியம் வாசல்ல இருக்க கடைய விட்டுட்டு கொஞ்ச தூரம் நடந்தா த்ரியொன்ஃபாலே மார்க்கெட், பழமும் ரொட்டியும் ஆலிவும் அங்க வாங்கிக்கிடலாம், காலையில போங்க, ஞாயித்துக்கெழம கெடையாது. தண்ணி பாட்டில் காசு கொடுத்து வாங்க வேண்டாம், தெருவுக்குத் தெரு நஸோனின்னு இரும்புக் குழாய் ஊத்திக்கிட்டே இருக்கும், நல்ல குடிதண்ணி, கீழ வாய வெரலால அடைச்சா மேல இருக்க சின்ன ஓட்டை வழியா பீச்சும், குனியாம குடிக்கலாம். ஐஸ்கிரீம்னா சொர்பெத்தோ கேளுங்க, எலுமிச்சையும் ஸ்ட்ராபெரியும் பெரும்பாலும் தண்ணியிலதான் செய்வாங்க, கோன் வேண்டாம், கப்புல வாங்குங்க, கரண்டிய கழுவிட்டு எடுக்கச் சொல்லுங்க.

நெறைய ஹோட்டல்ல மத்தியானம் ரெண்டரை மூணுக்கு மேல அடுப்ப அணைச்சுருவாங்க, ராத்திரி ஏழு ஏழரைக்குத்தான் தொறப்பாங்க, நடுவுல ரொட்டிக்கடையும் சூப்பர்மார்க்கெட்டும்தான் கதி. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி நெறைய கடை லீவு.

டூர் குரூப்போட போறவங்க அட்வான்ஸ் கட்டுததுக்கு முன்னாடியே பேசிருங்க. டின்னர் பேக்கேஜ்னு பனீரும் தயிரும்தான் போடுவாங்க, எனக்கு அந்த டின்னர் வேண்டாம், காசக் கொறைச்சுக்கிடுங்க, நானா சாப்பிட்டுக்கிடுதேன்னு கேட்டுப் பாருங்க, சில ஆபரேட்டர் ஒத்துக்கிடுவாங்க. எந்த நாள் எத்தன மணிக்கு எந்த ஏரியால பஸ்ஸ நிறுத்துவீங்கன்னு ஒரு பேப்பர்ல வாங்கிக்கிடுங்க, அத வச்சு யூதர் தெருவுக்கு என்னைக்கு, தெர்மினிக்கு என்னைக்குன்னு ஊர்ல இருந்தே குறிச்சுரலாம்.