ஓல்ட் ஃபேஷன்ட்: வீட்டில் முதல்முறை காக்டெயில் கலப்பவர்களுக்கு

காக்டெயில் கலக்கப் பழக வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஓல்ட் ஃபேஷன்ட்தான். ஷேக்கர் வேண்டாம், பழச்சாறு பிழிய வேண்டாம். பெர்பன் விஸ்கி, கொஞ்சம் சர்க்கரை, பிட்டர்ஸ் (மூலிகை, மசாலா ஊறிய கசப்புச் சாரம், சில சொட்டுதான் சேர்ப்பார்கள்), ஐஸ், ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல் போதும். பொருள் இவ்வளவு குறைவாக இருப்பதால், எது கூடினாலும் குறைந்தாலும் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். பழகுவதற்கு அதுவே வசதி.

1806-ல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரில் வெளிவந்த பத்திரிகை ஒன்றில், காக்டெயில் என்றால் என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டார். ஆசிரியர் நான்கு பொருள்களைச் சொன்னார்: ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். பின்னால் வந்த பார்டெண்டர்கள் குராசோ, அப்சின்த் என்று வேறு மதுவகைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கியதும், பழைய மாதிரியே வேண்டும் என்று கேட்டவர்களால் இந்தப் பெயர் நிலைத்தது. அந்த நான்கில் தண்ணீரைக் கவனியுங்கள். புதிதாகக் கலப்பவர்கள் விஸ்கிக்குத்தான் மெனக்கெடுவார்கள். ஆனால் இந்த டிரிங்க் நன்றாக வருவதும் கெடுவதும் பெரும்பாலும் தண்ணீரில்தான்.

தேவையானவை (ஒருவருக்கு)

பெர்பன் 60 மி.லி., சர்க்கரைப் பாகு 1 டீஸ்பூன், அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் 2 உதறல், ஆரஞ்சு ஒன்று, நிறைய ஐஸ்.

பெர்பன் என்பது குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் சேர்த்து, உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைத்து எடுக்கும் அமெரிக்க விஸ்கி. அதன் வெனிலா வாசனை அந்தப் பீப்பாயிலிருந்து வருவது. 45 சதவீத ஆல்கஹால் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மேக்கர்ஸ் மார்க், பஃபலோ டிரேஸ் இரண்டும் அந்த அளவுதான். 40 சதவீதம் உள்ளதிலும் செய்யலாம், ஐஸ் கரையக் கரையச் சுவை சீக்கிரம் இளைத்துவிடும். இனிப்பு குறைவாக, காரசாரமாக வேண்டுமென்றால் ரை என்ற தானியத்தில் செய்யும் ரை விஸ்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கோஸ்டுரா பாட்டிலை அடையாளம் காண்பது சுலபம். மஞ்சள் மூடி, பாட்டிலின் தோளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய லேபிள். 1824-ல் வெனிசுவேலாவில் ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் வயிற்றுக் கோளாறுக்காகத் தயாரித்தது, இப்போது டிரினிடாடில் தயாராகிறது. பாட்டிலைக் கவிழ்த்து ஒருமுறை வெடுக்கென்று உதறினால் விழுவதுதான் ஓர் உதறல்.

முதலில் பாகு

சர்க்கரைக் கட்டியைக் கிளாஸிலேயே நசுக்குவது பழைய வழக்கம். அதில் ஒரு சிக்கல்: விஸ்கியில் சர்க்கரை எளிதில் கரையாது, கடைசி வாயில் நறநறவென்று வரும். அதனால் 100 கிராம் சர்க்கரையை 100 மி.லி. சுடுதண்ணீரில் கரைத்து ஆறவிடுங்கள். பழுப்புச் சர்க்கரை என்றால் பெர்பனோடு இன்னும் நன்றாகச் சேரும். மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும்.

அப்புறம் ஐஸ்

இரண்டு விதமாக வேண்டும். கலக்குவதற்குச் சாதாரண ஐஸ் கட்டிகள், பரிமாறுவதற்கு ஒரே ஒரு பெரிய கட்டி. ஐந்து சென்டிமீட்டர் சதுரக் கட்டி வரும் சிலிகான் டிரே கிடைக்கிறது. இல்லையென்றால் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். கட்டி பெரிதானால் எடையோடு ஒப்பிடும்போது வெளிப்பரப்பு குறைவு, ஆகவே மெதுவாகக் கரையும். ஃபிரீசரில் மீன் வாடை, மசாலா வாடை இருந்தால் ஐஸ் அதை இழுத்துக்கொள்ளும், அதனால் டிரேயை மூடி வையுங்கள். கலக்கும் நேரத்தில்தான் ஐஸை வெளியே எடுக்க வேண்டும். மேலே நீர் கோத்த ஐஸ், நீங்கள் கணக்கில் வைக்காத தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

கலக்குவது

அகலமான கிளாஸில் பாகு, பிட்டர்ஸ், பெர்பன் மூன்றையும் ஊற்றுங்கள். அளக்கும் கோப்பை இல்லையென்றால் 15 மி.லி. டேபிள்ஸ்பூனால் நான்கு. கண்ணளவு வேண்டாம். விஸ்கிக்கு மேலே எட்டும்வரை சாதாரண ஐஸ் போடுங்கள். நீளமான ஸ்பூனின் முதுகு கிளாஸின் உட்சுவரை ஒட்டியே சுற்றி வரட்டும், ஐஸ் மொத்தமாகச் சேர்ந்து சுழல வேண்டும். குலுக்கினால் காற்றுக் குமிழ் ஏறிக் கலங்கிவிடும். பழச்சாறு இல்லாத காக்டெயிலை ஸ்பூனால்தான் கலக்குவார்கள்.

தொடக்கத்தில் பாகு விஸ்கிக்குள் நெளிநெளியாகக் கோடு போடுவதைப் பார்க்கலாம். சில நொடியில் அது மறையும். கலந்துவிட்டது என்று அங்கே நிறுத்திவிடாதீர்கள். பத்தாவது நொடியில் ஸ்பூன் நுனியால் ருசி பாருங்கள், மூக்கில் ஏறும், தொண்டை எரியும். முப்பதாவது நொடியில் மறுபடி பாருங்கள். எரிச்சல் அடங்கி, வெனிலாவும் பிட்டர்ஸில் உள்ள பட்டை கிராம்பு வாசனையும் தனித்தனியாகத் தெரியும். இதற்குள் ஐஸ் கரைந்து 60 மி.லி. விஸ்கியோடு ஏறக்குறைய 15 மி.லி. தண்ணீர் சேர்ந்திருக்கும். அந்த அளவுதான் வேண்டும். குட்டையான கிளாஸில் பெரிய கட்டியைப் போட்டு, அதன் மேல் வடிகட்டி ஊற்றுங்கள்.

ஆரஞ்சுத் தோல்

இதைத் தவிர்க்காதீர்கள். தோல் இறுக்கமாக ஒட்டிய ஆரஞ்சு வேண்டும், கையால் உரிந்து வரும் கமலா ஆரஞ்சில் பீலர் சரியாக ஓடாது. கழுவித் துடைத்து, கட்டைவிரல் நீளத்துக்குச் சீவுங்கள். உள்ளே வெள்ளைப் பகுதி தடிப்பாக வந்தால் கசக்கும். நிறமுள்ள பக்கம் கீழே பார்க்க, கிளாஸுக்கு மேல் பிடித்து மடக்கிப் பிழிந்தால் எண்ணெய் பொடித் தூறலாக விழும். வெளிச்சத்தில் பார்த்தால் மேற்பரப்பில் பளபளப்பு தெரியும். தோலால் கிளாஸ் விளிம்பைத் தடவி உள்ளே போட்டுவிடுங்கள்.

ஆரஞ்சுச் சுளையையும் செர்ரியையும் நசுக்கிச் சோடா ஊற்றுபவர்களும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிராந்தியில் அப்படித்தான் செய்கிறார்கள், அங்கே அது பெரிய மரபு. பழகும்போது அதில் தொடங்க வேண்டாம், பழ இனிப்பு எல்லாவற்றையும் மூடிவிடும்.

இது கடுமையான டிரிங்க். 45 சதவீத விஸ்கி 60 மி.லி.யில் சுமார் 21 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்று கணக்கிடுவது 14 கிராமைத்தான், அப்படியென்றால் இந்த ஒரு கிளாஸ் ஒன்றரைக்குச் சமம். சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரமாவது எடுத்துக்கொண்டு குடியுங்கள். குடித்தபின் வண்டி எடுக்காதீர்கள்.

நண்பர்கள் வருகிறார்கள் என்றால் நான்கு பேருக்கு முன்கூட்டியே செய்து வைக்கலாம். 240 மி.லி. பெர்பன், 4 டீஸ்பூன் பாகு, 8 உதறல் பிட்டர்ஸ். ஐஸ் போட்டுக் கலக்கப்போவதில்லை என்பதால் 60 மி.லி. குடிதண்ணீரை அளந்து ஊற்றுங்கள். பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் சில மணி நேரம் குளிரவிட்டு, பெரிய ஐஸ் கட்டியின் மேல் ஊற்றிக் கொடுக்கலாம். ஆரஞ்சுத் தோலை மட்டும் ஒவ்வொரு கிளாஸுக்கும் அப்போதே சீவுங்கள்.