லேசர் முடி நீக்கம்: வேர் இல்லாத இடத்தில் ஒளிக்கு வேலை இல்லை

கடந்த வாரம் மூன்றாவது அமர்வுக்கு வந்த ஒரு பெண்ணின் தாடையை உருப்பெருக்கி விளக்கின் கீழ் பார்த்தேன். மழித்த தோலில் கரிப்பொடி தூவியதுபோல் தெரிய வேண்டிய கரும்புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. மயிர்த்துளைகள் மட்டும் வெறுமையாகத் திறந்திருந்தன. முடியைப் பிடுங்கினீர்களா என்று கேட்டதற்கு, "இல்லை, நூலால்தான் எடுத்தேன்" என்றார். இந்தக் கருவியைக் கையில் எடுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு, சிகிச்சை பெறுபவளாக அதே நாற்காலியில் சாய்ந்திருந்த காலத்தில், இதே பதிலை நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு விலையாக மூன்று அமர்வுகளை முழுமையாக இழந்திருக்கிறேன்.

முகப்பூச்சைக் கழுவிவிட்டு வருவது, கண்கவசத்தைக் கழற்றாமல் இருப்பது போன்றவற்றை எந்த மருத்துவமனையிலும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். சொல்லப்படாமல் போகும் தவறுகளையும், சொன்னாலும் மனதில் பதியாமல் போகும் தவறுகளையும் மட்டும் எழுதுகிறேன்.

'நிரந்தரம்' என்ற சொல்லை அளவுக்கு மீறி நம்புவது

லேசர் ஒளி முடியை வெட்டுவதுமில்லை, பிடுங்குவதுமில்லை. முடித்தண்டிலும் வேர்க்குமிழிலும் உள்ள மெலனின் என்ற கருநிறமி அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு சுற்றிலும் பரவி, முடியை மீண்டும் முளைக்கவைக்கும் உயிரணுக்களைச் சிதைக்கிறது. ஒளியின் அலைநீளத்தையும் துடிப்பின் கால அளவையும் பொருத்தமாகத் தேர்ந்தால், சுற்றியுள்ள திசுவுக்குக் கேடில்லாமல் நிறமுள்ள இலக்கை மட்டும் சுட்டெரிக்கலாம் என்ற கொள்கையை ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983-இல் வெளியிட்டார்கள். இன்று பயன்படும் முடிநீக்க லேசர்கள் அனைத்தும் அந்தக் கொள்கையின் மேல்தான் நிற்கின்றன.

வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும் முடி மட்டுமே வேரோடு நன்றாக இணைந்து, நிறமி நிறைந்திருக்கும். உடலின் எல்லா முடிகளும் ஒரே நேரத்தில் அந்தக் கட்டத்தில் இருப்பதில்லை. ஆகவே ஒரே அமர்வில் முடியும் சிகிச்சை இல்லை இது. பெரும்பாலோருக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் தேவைப்படும். முகத்துக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியும், கை கால்களுக்கு அதைவிடக் கூடுதலான இடைவெளியும் கொடுக்கப்படும். எல்லாம் முடிந்த பிறகும் சில முடிகள் மெலிந்து, நிறம் வெளிறித் திரும்பி வரலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை பராமரிப்பு அமர்வு தேவைப்படலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இத்தகைய கருவிகளுக்கு 'நிரந்தர முடிக் குறைப்பு' என்ற சொல்லை அனுமதிக்கிறதே தவிர, ஒரு முடிகூட மிஞ்சாது என்ற பொருளில் எதையும் அனுமதிப்பதில்லை. உங்களிடம் ஒருவர் நூற்றுக்கு நூறு என்று உறுதி கொடுத்தால், அவர் மற்ற விஷயங்களிலும் கவனக்குறைவாக இருப்பார் என்றே நான் கருதுவேன்.

இடையில் வேரோடு எடுப்பது

நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது.

நூலால் எடுத்தாலும், மெழுகால் எடுத்தாலும், இடுக்கியால் எடுத்தாலும், எபிலேட்டர் கருவியால் எடுத்தாலும் நடப்பது ஒன்றே: முடி வேரோடு வெளியேறுகிறது, அதனுடன் லேசரின் இலக்கும் வெளியேறிவிடுகிறது. அந்தத் துளைக்குள் மீண்டும் நிறமுள்ள முடி உருவாகப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் அமர்வுக்கு வந்தால், ஒளி உள்ளே இறங்கும். உறிஞ்சுவதற்கு எதுவும் இருக்காது. சிகிச்சை நடந்ததாகக் கோப்பில் பதிவாகும், பணமும் செலவாகும், வேருக்கு மட்டும் எந்தச் சேதமும் நேராது.

இந்தத் தவறின் கொடுமை என்னவென்றால், அது இனிமையாக இருக்கும். முடி உள்ள தோலில் ஒளி பாயும்போது ரப்பர் பேண்டை இழுத்துவிட்டதுபோல் சுளீரென்று இருக்கும். முடி கருகும் வாடை எழும். சில நிமிடங்களில் ஒவ்வொரு மயிர்த்துளையைச் சுற்றியும் சிறு வீக்கம், புல்லரித்தாற்போல், மேலெழும். அந்த வீக்கத்தைத்தான் நாங்கள் தேடுகிறோம். சரியான இடத்தில் சரியான சூடு பட்டதற்கு அதுவே அடையாளம். வேரோடு எடுத்துவிட்டு வந்தவரின் தோலில் இவற்றுள் எதுவும் இராது. "இந்த முறை வலியே தெரியவில்லை" என்று மகிழ்ச்சியோடு எழுந்து போவார். நானும் அப்படித்தான் மூன்று முறை மகிழ்ச்சியோடு போனேன்.

ஏன் எடுக்கிறோம் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அமர்வு முடிந்த ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் முடி மறுபடியும் தலைநீட்டுவதுபோல் தெரியும். உண்மையில் அது வளர்ச்சி இல்லை. செத்துப்போன முடித்துண்டுகளைத் தோல் மெல்ல மெல்ல வெளியே தள்ளுகிறது. குளிக்கும்போது துணியால் லேசாகத் தேய்த்தாலே அவை எந்தப் பிடிப்பும் இல்லாமல் நழுவி வந்துவிடும். ஆனால் கண்ணாடியின் முன் நிற்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: பணம் கொடுத்தும் முடி வளர்கிறது. கை தானாக இடுக்கியைத் தேடுகிறது. செத்த நான்கு முடிகளோடு, அடுத்த அமர்வுக்கு உயிரோடு காத்திருக்க வேண்டிய ஆறு முடிகளும் போய்விடுகின்றன.

மழித்துவிட்டு வாருங்கள் என்றால், குறிப்பாகப் பெண்கள், முகத்தில் சவரக்கத்தி பட்டால் முடி தடித்து வளரும் என்று அஞ்சுகிறார்கள். 1928-ஆம் ஆண்டிலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியல் ஆய்வாளர், மழிப்பதால் முடியின் தடிமனோ நிறமோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று அளந்து காட்டிவிட்டார். மழித்த முடியின் நுனி கூர்மை இழந்து தட்டையாக இருப்பதால் விரலுக்குச் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவுதான். தோலுக்கு மேலே உள்ளதை மட்டும் நீக்கி வேரை அப்படியே விட்டுவைக்கும் முறை என்பதால், லேசருக்கு மழித்தலே ஏற்றது. அமர்வுக்கு முந்தைய நாள் மழித்துவிடுங்கள். இடைப்பட்ட வாரங்களிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் மழிக்கலாம், கத்தரிக்கலாம். முதல் அமர்வுக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பிருந்தே வேரோடு எடுப்பதை நிறுத்திவிட வேண்டும்.

இதே தவறு சிகிச்சை அளிப்பவரின் கையில் இன்னும் ஆபத்தான வடிவம் எடுக்கும். அதை நான் படித்துக் கற்கவில்லை. தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் மாநிறத் தோல் கொண்ட ஒருவருக்கு இரண்டு அமர்வுகளிலும் துளையைச் சுற்றி வீக்கமே வரவில்லை. 'எதிர்வினை குறைவு' என்று எழுதிவைத்து, மூன்றாவது அமர்வில் ஆற்றல் அளவைக் கூட்டினேன். அவர் முதல் இரண்டு முறையும் மெழுகால் முடியை எடுத்துவிட்டு வந்தவர் என்பதும், மூன்றாவது முறை நேரமில்லாமல் மழித்துவிட்டு வந்தார் என்பதும் எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. வேர்கள் முழுமையாக இருந்த அந்தத் தோலில், கூட்டிய அளவு அப்படியே இறங்கியது. மறுநாள் துளைகளைச் சுற்றிச் சிறு பொருக்குகள் கட்டின. அவை உதிர்ந்த இடங்களில் பழுப்புத் தழும்புகள் மறையப் பல மாதங்கள் பிடித்தன. ஒவ்வொரு முறை அவர் வந்து கையை நீட்டிக் காட்டியபோதும், நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான் அந்தத் தோலில் எழுதியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

ஆகவே இந்தத் தொழிலில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "வேக்சிங் செய்தீர்களா?" என்று கேட்காதீர்கள், தாடையில் நான்கு முடியைப் பிடுங்கியவர் அதற்கு இல்லை என்றுதான் சொல்வார், அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. "எந்த முறையிலாவது கடைசியாக ஒரு முடியை வேரோடு எடுத்தது எந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். பதில் நான்கு வாரத்துக்குள் என்றால் அமர்வைத் தள்ளிவையுங்கள். சிகிச்சை பெறுபவர்களுக்கும் சொல்கிறேன்: எடுத்துவிட்டீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள், கோபித்தாலும் ஓர் அமர்வு மிச்சம்.

வெயிலில் கறுத்த தோலோடு வருவது

தோலிலும் மெலனின் உண்டு. வெயிலில் கறுத்த தோலில் அது கூடியிருக்கும். வேருக்குப் போக வேண்டிய ஒளியை வழியிலேயே உறிஞ்சி, மேல்தோல் சுட்டுப்போகும். கருமையான தோலுக்கு லேசரே கூடாது என்று சிலர் சொல்வது சரியில்லை. 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசர் வெளிர்நிறத் தோலுக்குப் பொருந்தும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் மெலனினால் குறைவாக உறிஞ்சப்படுவதாலும் ஆழமாக இறங்குவதாலும் கருந்தோலுக்குப் பாதுகாப்பானது. 800-ஐ ஒட்டிய டயோடு லேசர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். உங்கள் தோலுக்கு எந்த அலைநீளம் பயன்படுத்தப்போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் படுக்காதீர்கள். இயல்பான நிறத்துக்கேற்ப முதல் அமர்வில் அளவைக் குறித்துவைத்திருப்பார்கள். அடுத்த அமர்வுக்குள் கடற்கரைக்கோ மலைக்கோ போய் இரண்டு வாரம் வெயிலில் திரிந்துவிட்டு வந்தால் அந்த அளவு இனி உங்களுடையது அன்று. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு சன்ஸ்கிரீன் தவறாமல் பூசுங்கள். தோல் கறுத்திருந்தால் நாள் தள்ளிப்போட ஒப்புக்கொள்ளுங்கள்.

நரைமுடிக்கு லேசர்

பயனில்லை, நிறமி இல்லாத முடிக்கு, மெல்லிய ஊசி வழியே மின்சாரம் செலுத்தி ஒவ்வொரு வேராக அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் இருக்கிறது.

மரத்துப்போகச் செய்யும் களிம்பை வீட்டிலேயே அள்ளிப் பூசுவது

வலிக்கு அஞ்சி, லிடோகெயின் கலந்த களிம்பைக் கால் முழுவதும் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பரப்பு பெரிதாகி, மேலே காற்றுப் புகாமல் மூடப்படும்போது அந்த மருந்து தோல் வழியாக இரத்தத்தில் மிகுதியாகக் கலந்து, வலிப்பையும் இதயத்துடிப்புக் கோளாறையும் உண்டாக்கும். லேசர் முடிநீக்கத்துக்காக இப்படிச் செய்த இரு இளம்பெண்கள் இறந்ததைச் சுட்டிக்காட்டி, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007-இல் எச்சரிக்கை வெளியிட்டது. களிம்பு தேவை என்றால், மருத்துவர் சொன்ன அளவில், சிறு பரப்பில், அவர் பார்வையிலேயே பூசிக்கொள்ளுங்கள். பெரிய பரப்புகளுக்குக் கருவியின் குளிரூட்டும் முனையே பெரும்பாலும் போதும்.

முகத்து முடிக்குக் காரணம் தேடாமல் தொடங்குவது

தாடையிலும் மேலுதட்டிலும் திடீரென முடி தடித்து வளர்ந்தால், அதனுடன் மாதவிடாயும் ஒழுங்கு தவறினால், முதலில் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பிசிஓஎஸ் போன்ற ஹார்மோன் கோளாறு பின்னால் இருந்தால், லேசர் பழைய வேர்களைச் சிதைத்துக்கொண்டிருக்கும்போதே உடல் புதிய வேர்களைத் தூண்டிக்கொண்டிருக்கும். அத்தகையவர்களுக்கும் லேசர் பயன்படும், ஆனால் மருந்தோடு சேர்ந்து, கூடுதல் அமர்வுகளோடு. பூனைமுடி போன்ற மெல்லிய முடிக்கு லேசர் வைத்துக்கொள்ளாதீர்கள். முகத்திலும் கழுத்திலும் சிலருக்கு, அரைகுறைச் சூடு பட்ட மெல்லிய முடிகள் அழிவதற்கு மாறாகத் தடித்துக் கறுத்து வளர்வதைக் கண்டிருக்கிறேன். மருத்துவ நூல்களும் அதைப் பதிவு செய்திருக்கின்றன.

பச்சை குத்திய இடம், மச்சம், புருவத்தின் கீழ்

ஒளி படவே கூடாது.

கொப்புளத்தை 'பார்ப்போம்' என்று விட்டுவைப்பது

சில மணி நேரம், மிஞ்சினால் இரண்டு நாள் வரை சிவப்பும் லேசான வீக்கமும் இருப்பது இயல்பு. நீர் கோத்த கொப்புளமோ, சாம்பல் நிறத் திட்டோ, நேரம் போகப் போகக் கூடும் எரிச்சலோ இயல்பு அன்று. அன்றே சிகிச்சை அளித்தவரிடம் தெரிவியுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். பனிக்கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால், தோல் மருத்துவர் மறுநாள் பார்க்கும்போது ஒப்பிட உதவும். அந்த இடத்தின் நிறம் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பும்வரை அடுத்த அமர்வுக்குத் தேதி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.