அறைத் திருத்தம்: வரைபடத்தில் தெரிவதையெல்லாம் திருத்த வேண்டியதில்லை

அறை ஒலியில் உண்டாக்கும் மாற்றங்களை மென்பொருளால் ஈடுகட்டும் டிஜிட்டல் அறைத் திருத்தத்தை வீட்டு ஹை-ஃபை அமைப்பில் முதன்முறையாகக் கையாள்வோர், கேட்கும் இருக்கையில் மைக்கை வைத்து அளந்து, ஒவ்வோர் அதிர்வெண்ணின் ஒலியளவையும் காட்டியபடி திரையில் மேடும் பள்ளமுமாகத் தோன்றும் கோட்டை மென்பொருளின் துணையோடு நேராக்கிவிட்டு, அதன் பிறகும் இசை ஏன் வறண்டு காதைக் குத்துகிறது என்று குழம்புவது வழக்கம். அந்தக் கோட்டில் உள்ள ஏற்ற இறக்கங்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சிலவற்றை, குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஃபில்டரால் சரிசெய்யலாம். சிலவற்றை எந்த ஃபில்டராலும் சரிசெய்ய இயலாது. வேறு சில, குறைகளே அல்ல. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் திருத்தத் தொடங்குவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

அவற்றுள் மிகவும் கேடு விளைவிப்பது, பள்ளங்களை நிரப்ப முயல்வது. 5 மீட்டர் நீளமுள்ள அறையில், ஒலியின் வேகத்தை வினாடிக்கு 343 மீட்டர் எனக் கொண்டால், நீளவாட்டில் உருவாகும் முதல் நிலையலையின் (சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி, ஓரிடத்தில் நிற்பதுபோல் அமையும் அலையின்) அதிர்வெண் ஏறத்தாழ 34 ஹெர்ட்ஸ். இரு சுவர்களின் அருகிலும் அதன் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அறையின் நட்டநடுவில், அழுத்தம் அநேகமாக மாறாத புள்ளியான கணு அமைவதால், அங்கே அமர்ந்திருப்பவருக்கு அந்த அதிர்வெண் அநேகமாகக் கேட்காது. ஸ்பீக்கருக்குப் பின்னுள்ள சுவரும் இதேபோல் ஒரு பள்ளத்தை உண்டாக்கும்: சுவர் 1 மீட்டர் தள்ளி இருந்தால், அங்கே பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் அளவில் நேர் அலைக்கு எதிர்க் கட்டத்தில் (ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தோடு பொருந்துமாறு) வந்து சேர்ந்து அதை அழிக்கும். இங்கே ஈக்வலைசரால் 10 டெசிபல் கூட்டினால், ஆம்ப்ளிஃபையர் அந்த அதிர்வெண்ணில் பத்து மடங்கு திறனைத் தர வேண்டியிருக்கும். ஆனால் நேர் அலை கூடும் அதே அளவுக்குத் திரும்பும் அலையும் கூடுவதால் இரண்டும் முன்போலவே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கேட்பவருக்குக் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம். இருக்கையையோ ஸ்பீக்கரையோ சற்று நகர்த்துவதும், இயன்றால் ஆழ்ந்த பேஸுக்கான தனி ஸ்பீக்கராகிய சப்வூஃபர் இரண்டாவதாக ஒன்றைச் சேர்ப்பதுமே இதற்குரிய தீர்வு. ஃபில்டரைத் தொடும் முன் இதைச் செய்துவிட வேண்டும்.

மேடுகளின் நிலை வேறு. ஒத்ததிர்வால் எழும் மேட்டைத் தாழ்த்தும்போது அதன் உயரம் குறைவதோடு, அந்த அதிர்வெண் நின்று முழங்கும் நேரமும் அந்த இருக்கையில் குறைகிறது. அறைத் திருத்தத்தால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் பெரும்பாலும் இதுவே. ஆகவே குறைப்பதில் தாராளமாகவும் கூட்டுவதில் கஞ்சத்தனமாகவும் இருப்பது நல்லது.

ஸ்பீக்கர் இயல்பாகவே ஓய்ந்துவிடும் எல்லைக்குக் கீழே பேஸைக் கூட்டுவதும் இதே வகைப் பிழைதான். ஒலியளவு மாறாமல் ஓர் ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு இறங்க, ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். துளையுள்ள பெட்டியாக இருந்தால், துளையின் ஒத்ததிர்வெண்ணுக்குக் கீழே கூம்பின் அசைவைத் தடுக்கும் காற்றழுத்தம் இல்லாமல் போவதால் வூஃபர் சேதமடையும் அபாயமும் உண்டு.

அடுத்த தவறு, 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் திருத்துவது. வீட்டு அறைகளில் ஏறத்தாழ 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஷ்ரோடர் அதிர்வெண் என்ற எல்லை அமைகிறது. அதற்குக் கீழே கேட்பது பெரும்பாலும் அறையின் குணம். அதற்கு மேலே ஸ்பீக்கரின் குணம் மேலோங்குகிறது. மேல் பகுதியில் மைக் நேர் ஒலியையும் சுவர்களில் பட்டு வரும் ஒலியையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறது. காதும் மூளையும் அவற்றை ஓரளவு பிரித்தே உணர்கின்றன. உயர் அதிர்வெண்கள் குறுகிய கோணத்தில் பரவுவதாலும் திரைச்சீலையும் மெத்தையும் அவற்றை உறிஞ்சுவதாலும், நல்ல ஸ்பீக்கரின் அளவீடு இருக்கையில் மெல்லச் சரிந்துதான் வர வேண்டும். 1974-இல் ஒலி அளவீட்டுக் கருவிகள் செய்யும் ப்ரூல் அண்ட் கியேர் நிறுவனம் முன்வைத்த இலக்குக் கோடும் இவ்வாறு சரிவதே. அந்தச் சரிவைக் குறையெனக் கருதி நிமிர்த்தினால், சரியாக இருந்த நேர் ஒலி கூர்மையாகிவிடுகிறது. நல்ல ஸ்பீக்கரை இவ்வாறு கெடுத்துவிடலாம் என்பதை ஒலியியல் அறிஞர் ஃப்ளாய்ட் டூல் பலமுறை வலியுறுத்தியிருக்கிறார். டிராக் லைவ் போன்ற அறைத் திருத்த மென்பொருள்களில் திருத்தத்தின் மேல் எல்லையை நாமே வகுக்கலாம். ஸ்பீக்கர் தரமானதாயின் முதலில் 300 ஹெர்ட்ஸோடு நிறுத்திக் கேட்டுப் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

அளவீடே பிழையானால் மேற்சொன்ன எச்சரிக்கைகளால் பயனில்லை. மைக்கைக் கையில் பிடித்தோ சோஃபாவின் மேல் சாய்த்தோ அளக்காமல், தாங்கியில் பொருத்திக் காதின் உயரத்தில் நிறுத்த வேண்டும். மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிட வேண்டும். ஒரே புள்ளியின் அளவீட்டில் தெரியும் நுண்ணிய பற்கள் தலையைச் சிறிது அசைத்தாலே மாறிவிடுவதால், தலை இருக்கும் இடத்தைச் சுற்றிப் பல புள்ளிகளில் அளந்து சராசரி காண்பது அவசியம். யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக்குகளுக்கு, மைக்கின் சொந்தப் பிழையை ஈடுகட்டும் அளவுத்திருத்தக் கோப்புகள் இரண்டு உண்டு: மைக் ஸ்பீக்கரை நோக்கியிருக்க 0 பாகை, கூரையை நோக்கியிருக்க 90 பாகை. மைக் கூரையை நோக்கியிருக்கும்போது 0 பாகைக் கோப்பை ஏற்றினால், உயர் அதிர்வெண்கள் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். மென்பொருளும் இல்லாத குறையைத் திருத்தப் புறப்படும்.

கணினி வழியாக எஃப்.ஐ.ஆர் ஃபில்டரை (எண்களின் நீண்ட வரிசையாக அமையும் ஃபில்டரை) பயன்படுத்துவோர், ஒலி வினாடிக்கு எத்தனை மாதிரிகளாக எடுக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் சாம்பிள் ரேட்டையும் கவனிக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு உருவாக்கிய ஃபில்டரை அப்படியே 88.2 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால், 40 ஹெர்ட்ஸுக்கான திருத்தம் 80 ஹெர்ட்ஸில் போய் விழும். எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவு தாமதிக்கும் (கட்டம் நேர்கோட்டில் அமையும்) ஃபில்டர் ஒன்று 65,536 டேப் (அந்த வரிசையின் எண்கள்) கொண்டிருந்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.74 வினாடி தாமதத்தை உண்டாக்கும். இசைக்கு இது பொருட்டல்ல, திரைப்படம் பார்ப்போருக்கோ உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகிவிடும். எந்த ஃபில்டராயினும், அதிகபட்சம் 4 டெசிபல் கூட்டினால் குறைந்தது அதே அளவுக்கு முன்கூட்டியே ஒலியைத் தாழ்த்திவைக்காவிட்டால் உரத்த இடங்களில் சமிக்ஞை வெட்டுப்படும்.

திருத்தத்தை மாற்றி மாற்றிக் கேட்டு ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்க வேண்டும். குறைக்கும் ஃபில்டர்கள் ஒட்டுமொத்த ஒலியையும் சற்றுத் தாழ்த்துவதால், திருத்தாத ஒலி உரக்கக் கேட்டு அதுவே மேலானதாகத் தோன்றிவிடும். மென்பொருள் காட்டும் திருத்திய கோடு பல வேளைகளில் கணிப்பு மட்டுமே என்பதால், ஃபில்டரை இயக்கியபடியே ரூம் ஈக்யூ விசார்ட் போன்ற தனி அளவீட்டு மென்பொருளில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். ஸ்பீக்கரோ சோஃபாவோ இடம் மாறினால் பழைய ஃபில்டரை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.