தோலில் குறி பதித்துக் கறுப்பேற்றும் விதம்

எனக்குத் தொழில் உழவு இயந்திரம் திருத்துவது. மாங்குளத்தில், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கொட்டில். தோல் வேலை பின்னேரங்களில் மட்டும், அதுவும் கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவின பிறகு. ஏன் இரண்டு தரம் என்று பிறகு சொல்கிறேன். எனக்கு இந்த வேலை பிடிபட்டதே அந்தக் காரணம் விளங்கினபோதுதான்.

முதலில் தோலைச் சரியாக எடுக்க வேண்டும். பூவோ எழுத்தோ பதிப்பதற்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் சரி. குரோமியம் உப்பில் பதனிட்டது மென்மையாக, மலிவாக, பல நிறங்களில் கிடைக்கும். கைப்பை தைக்க நல்லது. ஆனால் எவ்வளவு அடித்தாலும் தடம் நிற்காது, இறப்பர் மாதிரி மேலெழுந்துவிடும். வெட்டு வாயைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோம் தோல். சாயம் போடாத பட்டைத் தோல் வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும். ஒரு துளி தண்ணீர் விட்டால் உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கருமையாகும். எனக்குத் தோல் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருவதால், முதலில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை அனுப்பச் சொல்லிச் சோதித்துவிட்டுத்தான் காசு போடுவேன். பெல்டுக்கும் திறப்புக் கோர்வைக்கும் 3 மில்லிமீற்றர் தடிப்பு, பேர்ஸின் வெளிப்பக்கத்துக்கு 1.5 முதல் 2 வரை.

ஆயுதங்களுக்குப் பெரிய செலவில்லை. ஆறங்குல ஆணியின் தலையை வெட்டி, முனையை அரத்தால் ராவி, நைஸ் எமரித் தாளில் பளபளப்பாக்கினால் அச்சு தயார். எனக்கு மூன்று போதும்: ஒரு பக்கம் சரிந்தது, உருண்டை முனை, பின்புலம் புள்ளியிட ஒரு சொரசொரப்பு முனை. அடிக்க மரச் சுத்தியல். இரும்புச் சுத்தியல் அச்சை மிஞ்சி இறங்கும். அடிக்கல்லுக்கு வீட்டு அம்மியைத்தான் எடுத்தேன். அம்மா பத்து நாள் கதைக்கவில்லை. நீங்கள் வேறு கல் பாருங்கள்.

இனி நனைக்கிற பாகம். பழகுகிறவர்கள் அதிகம் பிழை விடுவது இங்கேதான். தோலைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. பஞ்சால் இரண்டு பக்கமும் ஒரே சீராக நனைத்து, சொப்பின் பையில், அதாவது பொலித்தீன் பையில், சுற்றி ஒரு இரவு வையுங்கள். ஈரம் உள்ளே சமமாக இறங்கிவிடும். காலையில் வெளியே எடுத்து, பழைய நிறம் திரும்பத் தொடங்கும் வரை பொறுங்கள். நிறத்தில் காய்ந்தது போலவும் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அச்சு வைத்து அடித்தால் தடம் அடர் பழுப்பாக, கூர்மையாக விழும். ஈரம் கூடினால் தடம் சேறு மிதித்தது போலக் குழையும், குறைந்தால் வெளிறிப்போய் விழும். சோழகம் வீசும் மாதங்களில் எங்கள் பக்கம் இந்தப் பதம் கால் மணித்தியாலத்தில் ஓடிவிடும். ஆனபடியால் வேலை செய்யாத பாதியை ஈரத் துணியால் மூடி வைத்துக்கொண்டு அடிப்பேன்.

நான் பதிப்பது அப்பப்பாவின் மாட்டுக்குறி. அவருடைய மாடுகளின் தொடையில் சுட்ட இரண்டு எழுத்தும் அதன் கீழே ஒரு வளைவும். தாளில் வரைந்து தோலின் மேல் வைத்து, மை தீர்ந்த பேனையால் கோட்டை அழுத்தி இறக்குகிறேன். பிறகு அந்தக் கோட்டில் கத்தி, தடிப்பின் மூன்றிலொரு பங்கு ஆழத்துக்கு மட்டும். வெட்டின் வெளிப்பக்கத்தைச் சரிந்த அச்சால் அடித்துத் தாழ்த்தினால் எழுத்து மேலே எழும்பி நிற்கும். அச்சை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைக்காமல், பாதி அகலம் பாதி அகலமாக நகர்த்துங்கள். அப்போதுதான் படிக்கட்டு மாதிரி வராது.

முதல் பேர்ஸ் நன்றாகத்தான் வந்தது. காய வைத்து மறுநாள் பார்த்தால் முழுக்க நீலக் கறுப்புப் புள்ளி. சாயம் சிந்தவில்லை, மழையும் இல்லை. மனைவி தான் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதென்னப்பா, வாழைப்பூ வெட்டின கை மாதிரிக் கிடக்கு" என்றா. உண்மைதான். வாழைப்பூவில் இருக்கிற துவர்ப்பு இரும்புக் கத்தியில் பட்டால் கறுக்கும். பட்டைத் தோலில் நிறைந்திருப்பதும் துவர்ப்புத்தான். என் உடுப்பிலும் கையிலும் இருந்த கிரைண்டர் தூள் ஈரத் தோலில் விழுந்திருக்கிறது. அந்தக் காலத்தில் துவர்ப்புள்ள கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே சங்கதி. இரண்டு தரம் கை கழுவுவது இதற்காகத்தான். புதுப் புள்ளியென்றால் தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்தால் மங்கும். இரும்பு கலந்த குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும், ஆனபடியால் தோலுக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பிழையைத்தான் இப்போது வேண்டுமென்றே செய்கிறேன். ஒரு லீற்றர் வினாகிரியில் ஒரு பிடி இரும்புச் சுருள் போட வேண்டும். லேத்தில் விழுவது நல்லது, எண்ணெய் போகச் சவர்க்காரத்தில் கழுவிவிட்டுப் போடுங்கள். துருப்பிடிக்காத எஃகு சரிவராது. மூடியை இறுக்காதீர்கள். ஐதரசன் வாயு கிளம்பும், அடைத்தால் போத்தல் வெடிக்கலாம். அடுப்பு, வெல்டிங் பக்கமும் வைக்க வேண்டாம். இரண்டு கிழமை அளவில் குமிழி நின்று, புளிப்பு மணமும் நன்றாகக் குறைந்த பிறகு துணியில் வடியுங்கள்.

தோலுக்கு முதலில் கடுமையான தேயிலைச் சாயம் ஒரு பூச்சு, சீனி இல்லாமல் என்று சொல்லத் தேவையில்லை. அது துவர்ப்பைக் கூட்டும். காய்ந்தபின் இரும்பு நீரைத் தூரிகையால் பூசுங்கள். முதலில் சாம்பல், பிறகு ஊதா, அரை மணித்தியாலத்துக்குள் கறுப்பு. கண் முன்னால் நிறம் மாறுவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. அதன்பின் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துப் பூசி, சில நிமிடத்தில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இதைத் தவறவிட்டால் மிச்சப் புளிப்பு காலப்போக்கில் தோலை அரிக்கும். லேசான ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவினால் கறுப்பு இறங்கிப் பிடிக்கும். இந்தக் கறுப்பு மேலே படிந்திருக்கிற சாயம் இல்லை, தோலோடு சேர்ந்து உண்டானது. ஆகையால் உடுப்பில் ஒட்டாது. புள்ளி விழுந்த அந்த முதல் பேர்ஸையும் இப்படித்தான் காப்பாற்றினேன்.

பழுப்பு வேண்டுமென்றால் ஸ்பிரிட்டில் கரைந்த தோல் சாயம். பாதிக்குப் பாதி ஸ்பிரிட் கலந்து, துணிப்பந்தால் வட்டம் வட்டமாக இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் திட்டுத் திட்டாகும். காய்ந்ததும் வெள்ளைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருங்கள், துணியில் நிறம் வராத மட்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டு மச்சானுக்கு ஒரு பெல்ட் கொடுத்தேன். அவர் அதை வேட்டிக்கு மேல் கட்டிக்கொண்டு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனார். அந்த வைகாசி வேர்வையில் இடுப்பைச் சுற்றிப் பழுப்பு வளையம். வேட்டிக் காசு இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. சாயமே வேண்டாம் என்பவர்கள் மெல்லிசாக எண்ணெய் தடவி, இரண்டு மூன்று நாள் வெயில் காட்டினால் தேன் நிறம் வரும்.

தையலுக்கு மெழுகு நூலும் இரண்டு ஊசியும்.

ஓரத்தை 220, பிறகு 400 எமரித் தாளில் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீர் தொட்டு, பள்ளம் வெட்டின முதிரை மரக் குச்சியால் சூடு பறக்கத் தேயுங்கள். கண்ணாடி மாதிரி மினுங்கும். மான் கொம்பில் செய்தால் இன்னும் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய சாமான்.

மேல்பூச்சுக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு, ஆமணக்கெண்ணெய் மூன்று பங்கு. கொதிநீர்ச் சட்டிக்குள் பேணியை வைத்து உருக்குங்கள், நேரே நெருப்பில் வேண்டாம். ஆறினதும் விரலால் மெல்லிசாகத் தடவி, ஒரு மணித்தியாலம் விட்டுத் துணியால் துலக்குங்கள். தேங்காய் எண்ணெயை முதலில் பாவித்துப் பார்த்தேன். தோல் தொய்ந்தது, எலி வந்து ஒரு மூலையைத் தின்றுவிட்டது.

ஐப்பசிக்கு மேல் மாரி பிடித்தால் நனைக்கிற வேலை எதையும் நான் தொடுவதில்லை. காயாது, இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். செய்து முடித்தவற்றையும் சொப்பின் பையில் கட்டி வைக்காமல், பழைய சீலைத் துணியில் சுற்றி அடுப்படிப் பக்கம் காற்றுப் படுகிற இடத்தில் தொங்கவிடுகிறேன். தைப்பொங்கல் கழிந்து வெயில் ஏறினால் அடுத்த துண்டை நனைக்கலாம்.