சிலிண்டரைத் தராசில் வையுங்கள்

கடைக்கு வணிக சிலிண்டர் வந்ததும் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். காலி எடை, மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையிலேயே இருக்கும். அதோடு 19 கிலோ கூட வேண்டும். குறைந்தால் கொண்டு வந்தவர் நிற்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அப்புறம், ராத்திரி கடை அடைத்ததும் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு மறுபடி ஒரு எடை. அன்றைக்கு எரிந்த கேஸ் எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஒரு தோசையின் அடக்கவிலை சரியாக வரும். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் தேங்காய்க்கு இரண்டு ரூபாய் பேரம் பேசுகிற நாம், அடைப்பு விழுந்த பர்னரில் காசு எரிவதைக் கவனிப்பதில்லை! அதே அளவு மாவுக்கு கேஸ் திடீரென்று கூடினால், முதலில் டியூபில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பர்னரை.

விறகடுப்பில் அல்வா கிண்டுகிறவர்களுக்கு இது உதவாது.